உப்பு, தண்ணீர், எண்ணெய்: எலக்ட்ரானை இழுப்பது யார்?

அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு இரண்டையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். 'ஏன் இரண்டு வகை?' என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள். எலக்ட்ரான் கவர்தன்மையைப் புரிந்துகொண்டால் விடை எளிது.

பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களை ஓர் அணு தன் பக்கம் இழுக்கும் திறனே அது. 1932-ல் லைனஸ் பாலிங் இதற்கு ஓர் அளவுகோலை வகுத்தார். அதில் ஃபுளூரினுக்கே முதலிடம்: 3.98.

சோடியம் 0.93, குளோரின் 3.16. வித்தியாசம் 2.23. ஆகவே சோடியத்தின் எலக்ட்ரான் குளோரினிடமே போய்விடுகிறது. தண்ணீர் பட்டால் தீப்பற்றும் உலோகமும் நச்சு வாயுவும் சேர்ந்து நாம் உண்ணும் உப்பாகின்றன.

தண்ணீரில் ஹைட்ரஜன் 2.20, ஆக்சிஜன் 3.44. வித்தியாசம் 1.24. இங்கே எலக்ட்ரான்கள் பகிரப்படுகின்றன, ஆனால் சரிபாதியாக அல்ல. ஆக்சிஜன் பக்கம் சிறிது எதிர்மின்சுமையும் ஹைட்ரஜன் பக்கம் சிறிது நேர்மின்சுமையும் உண்டாகின்றன. அதனால்தான் தண்ணீர் உப்பின் அயனிகளைச் சூழ்ந்து பிரித்துவிடுகிறது. எண்ணெயில் பெரும்பகுதி கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு, வித்தியாசம் 0.35 மட்டுமே. உப்பு அதில் கரைவதில்லை.

வித்தியாசம் 1.7-ஐத் தாண்டினால் அயனிப் பிணைப்பு என்பது பொதுவான கணக்கு. ஆனால் ஹைட்ரஜன் ஃபுளூரைடில் வித்தியாசம் 1.78, அது சகப்பிணைப்புச் சேர்மமே. எனவே பிள்ளைகளிடம் 'எந்த வகை?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'எந்த அணு, எவ்வளவு இழுக்கிறது?' என்றும் கேளுங்கள்.