தைல மரம்: ‘ஹைபிரிட்’ன்னா என்ன?

பேரிகை தாண்டி கர்நாடகா பக்கம் வண்டியை விட்டா, ரோட்டோரம் தைல மரத் தோப்புகளைப் பார்க்கலாம். யூகலிப்டஸ்தான். நம்ம பக்கம் பரவலா நட்ட வகைக்கு ‘மைசூர் கம்’னு பேரு, ‘ஹைபிரிட்’னும் சொல்வாங்க. ஆனா இதை லேப்ல யாரும் உருவாக்கலை.

1790 வாக்கில், திப்பு சுல்தான் காலத்தில், நந்தி மலைத் தோட்டத்தில் ஆஸ்திரேலிய யூகலிப்டஸ் இனங்கள் சில பக்கத்துப் பக்கத்தில் நடப்பட்டன. தேனீக்கள் ஒரு இனத்தின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் கொண்டுபோய்ச் சேர்த்தன. நெருங்கிய சொந்தம், குரோமோசோம் எண்ணிக்கையும் ஒண்ணு, 22. அதனால் கலப்பு சுலபம். மைசூர் கம்மில் பெரும்பங்கு ‘டெரெட்டிகார்னிஸ்’ இனத்தின் மரபணு. மற்ற இனங்களின் சாயலும் உண்டு என்பது வனவியலாளர்கள் கருத்து.

இது யூகலிப்டஸ் கதை மட்டுமில்லை. ஸ்பெயின், போர்ச்சுகலில் தக்கை தரும் ஓக்கும், அதன் உறவான ஹோம் ஓக்கும் எப்பவும் பச்சையா இருக்கிற மரங்கள். பட்டையே வேற மாதிரி, ஆனாலும் காட்டில் தானாகவே கலக்குது.

சரி, நமக்கென்ன? கலப்பு மரத்தின் விதையில் மரபணுக்கள் மறுபடி கலைஞ்சு சேரும். ஒரே தோப்பில் ஒண்ணு ஓங்கி வளரும், ஒண்ணு குட்டையா நிற்கும். வருஷக்கணக்கில் காத்திருந்த விவசாயிக்கு அது நேரடி நஷ்டம். அதனால்தான் நல்ல மரத்தின் தண்டை வேர்விட வைக்கிற குளோன் கன்றுகள் வந்தன. அதிலும் ரிஸ்க் உண்டு: எல்லாம் ஒரே மரபணு, ஒரு நோய் வந்தா மொத்தத் தோப்பும் மாட்டும்.

ஊர்ல நிலம் இருக்கிறவங்க, கன்று வாங்கும்போது கேளுங்க: விதைக் கன்றா, குளோனா? குளோன்னா, எத்தனை வகை கலந்திருக்கு?