ஆறு கம்பி – 14: ஒரே ஆம்ப் என்றால் எது?

வீட்டுக்கு ஒன்று, ஒத்திகைக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று, ரெக்கார்டிங்குக்கு இன்னொன்று என்று ஆம்ப் வாங்கி அடுக்க எல்லோருக்கும் வசதியும் இடமும் இருப்பதில்லை. "அண்ணே, ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும். எல்லாத்துக்கும் அதுவே போதணும். எதை வாங்கட்டும்?" என்று கேட்கும் தம்பிகளுக்கு நான் சொல்லும் பதில் மாறுவதே இல்லை: ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப். 22 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, எடை சுமார் 19 கிலோ. சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: "22 வாட் மேடைக்குப் பத்துமாண்ணே?" அந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் தெரிந்துவிட்டால், ஆம்ப் வாங்குவதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வாட் இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் ஏறும். சத்தம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்று காது ஒப்புக்கொள்ள வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் ஏற வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. 22 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் நடுவே இருப்பது 7 டெசிபல்கூட இல்லை. நல்ல கிடார் ஸ்பீக்கர் ஒன்று வெறும் ஒரு வாட்டிலேயே, ஒரு மீட்டர் தள்ளி நின்று கேட்டால், 97 டெசிபல் அளவுக்குச் சத்தம் தரும். அதே ஸ்பீக்கருக்கு 22 வாட் கொடுத்தால் 110 டெசிபலைத் தொடும். டிரம்ஸ் பக்கத்தில் நின்று வாசிக்க அது போதும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட அதில் பத்தில் ஒரு பங்கு போதும்.

பிறகு எதற்கு 100 வாட் ஆம்ப் பிறந்தது? 1960களின் மேடைகளைப் பார்த்தால் காரணம் புரியும். அன்றைய பி.ஏ. சிஸ்டம் பாட்டுக்கு மட்டும்தான். கிடாருக்கு மைக் வைக்கும் வழக்கம் கிடையாது. அரங்கின் கடைசி வரிசைவரை கிடார் கேட்க வேண்டுமானால் ஆம்ப்பே கத்தியாக வேண்டும். 1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 55,000 பேருக்கு முன்னால் பீட்டில்ஸ் வாசித்தபோது அவர்கள் பின்னால் இருந்தவை வாக்ஸின் 100 வாட் ஆம்ப்கள். அதே காலத்தில்தான் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்டும் ஜான் எண்ட்விசிலும் இன்னும் சத்தம் வேண்டும் என்று லண்டனில் ஜிம் மார்ஷலை நச்சரித்தார்கள்; மார்ஷலின் 100 வாட் ஆம்ப் அப்படித்தான் வந்தது. இன்று ஸ்பீக்கர் முன்னால் ஒரு மைக் வைத்தால் மீதியை மிக்ஸர் பார்த்துக்கொள்கிறது. தேவை போய்விட்டது, அந்தத் தேவைக்காகப் பிறந்த பழக்கம் மட்டும் நிற்கிறது.

இதற்கு நீல் யங்கைவிட நல்ல சாட்சி கிடையாது. ஸ்டேடியம் நிரப்புகிற அந்த மனிதர் பல பத்தாண்டுகளாக நம்பியிருப்பது 1959ஆம் ஆண்டின் ஒரு ஃபெண்டர் டீலக்ஸை. டீலக்ஸ் ரிவெர்ப்பின் மூத்த தலைமுறை அது. வாட்டிலும் இதைவிடச் சிறியது. அதன் குமிழ்களில் எண் 12 வரை போகும். எந்த எண்ணில் நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் குரலே மாறிவிடும் என்பதால், குமிழ்களைத் திருப்புவதற்கென்றே மோட்டார் வைத்த ஒரு கருவி அவருக்காகச் செய்யப்பட்டது. தரையில் இருக்கும் பொத்தானைக் காலால் அழுத்தினால், ஆம்ப்பின் தலையில் குமிழ் தானாகத் திரும்பும். பெரிய ஆம்ப்புக்கு மாறுவதைவிட அந்தச் சிறிய ஆம்ப்பின் ஒவ்வொரு நிலையையும் காப்பாற்றுவதே அவருக்கு முக்கியமாக இருந்திருக்கிறது. ரெக்கார்டிங்கில் இந்தக் கதை இன்னும் தெளிவு: எரிக் கிளாப்டன் 1970இல் மயாமியில் 'லைலா' ஆல்பத்துக்குப் பயன்படுத்தியது 8 அங்குல ஸ்பீக்கர் கொண்ட குட்டி ஃபெண்டர் சாம்ப்.

சரி, சிறிய ஆம்ப்கள் எத்தனையோ இருக்க, டீலக்ஸ் ரிவெர்ப் ஏன்?

லியோ ஃபெண்டருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் 1938இல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். எது பழுதாகிறது, வாசிப்பவன் எதற்கு முகம் சுளிக்கிறான் என்பதைப் பார்த்துப் பார்த்தே ஆம்ப் செய்தவர். டீலக்ஸ் ரிவெர்ப் 1963இல் வந்தது. 1965 ஜனவரியில் அவர் கம்பெனியையே 1.3 கோடி டாலருக்கு சிபிஎஸ்ஸிடம் விற்றுவிட்டார். அவர் பொறுப்பில் இருந்த கடைசிக் காலத்துச் சரக்கு இது.

பின்பக்கம் எட்டிப் பாருங்கள். மேலே இருக்கும் சேஸிஸிலிருந்து ஒன்பது வால்வுகள் தலைகீழாகத் தொங்கும். அவற்றில் இரண்டு, 6வி6 என்ற பவர் வால்வுகள். அடியில் ஒரு பைக்குள் ரிவெர்ப் ஸ்பிரிங் பெட்டி. ஆம்ப்பைக் கொஞ்சம் வேகமாகக் கீழே வைத்தாலும் அந்த ஸ்பிரிங்குகள் மோதி ஹால் முழுக்க அதிரும். கிடாரின் ஒலி அந்த ஸ்பிரிங்குகள் வழியாகப் போய்த் திரும்பி வருவதால்தான் அதற்கு அந்த ஈரம் கிடைக்கிறது. ரிவெர்ப் குமிழ் 3இல் இருந்தாலே சின்ன அறை பெரிய கூடமாகிவிடும். அதற்கு மேல் நான் போவதில்லை.

இனி வால்யூம். ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டரைச் சொருகி, கழுத்துப் பக்க பிக்கப்பில் வைத்து, குமிழை 2இல் நிறுத்துங்கள். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக, மணிமணியாகக் கேட்கும். 3இல் கீழ்க்கம்பிகளுக்கு உடம்பு பிடிக்கும். 4ஐத் தாண்டும் இடத்தில் இந்த ஆம்ப்பின் உண்மையான குணம் வெளியே வரும்: மெதுவாக மீட்டினால் தெளிவு, அழுத்தி மீட்டினால் விளிம்பில் லேசான கரகரப்பு. 6இல் நல்ல ப்ளூஸ் குரல். 7க்கு மேல் திருப்பினால் சத்தம் அதிகம் ஏறாது. கரகரப்பும் அடர்த்தியும்தான் ஏறும். லெஸ் பால் போன்ற ஹம்பக்கர் கிடாராக இருந்தால் இவை எல்லாம் ஓர் எண் முன்னதாகவே நடக்கும்.

ஓங்கி ஒரு கார்டு அடித்தால் ஒலி ஒரு கணம் அமுங்கி, பிறகு மலரும். வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டதும் பல்பு ஒரு கணம் மங்கி மீளுமே, இங்கும் அதே காரணம்தான். ஒரேயடியாகக் கரண்டை இழுக்கும்போது வோல்டேஜ் தாழ்கிறது. மின்சாரத்தை டிசியாக மாற்றுவதும் இதில் ஒரு வால்வுதான் என்பதால் அந்தத் தாழ்வு விரலுக்கே தெரியும். ஆம்ப் வாசிப்பவனின் கைக்குப் பதில் சொல்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய இன்பம் கிடாரில் இல்லை.

இந்த இனிய இடம் எல்லா வால்வு ஆம்ப்பிலும் உண்டு. அது எந்தச் சத்தத்தில் வருகிறது என்பதுதான் விஷயம். 85 வாட் ட்வின் ரிவெர்ப்பில் வால்வுகள் விழிப்பதற்குள் அறையில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியேறிவிடுவார்கள். போதாததற்கு அது 29 கிலோ. 5 வாட் சாம்ப்பில் அந்த இடம் சீக்கிரமே வந்துவிடும், ஆனால் டிரம்ஸ் அதை விழுங்கிவிடும். டீலக்ஸ் ரிவெர்ப்பில் அது டிரம்ஸ் வாசிப்பவரோடு சேர்ந்து நிற்கும் சத்தத்திலேயே வருகிறது. மேடையானால் எஸ்எம்57 மைக் ஒன்றை ஸ்பீக்கர் துணியை ஒட்டி வையுங்கள். நடுமையத்தில் வைத்தால் ஒலி கூர்மை. இரண்டு விரற்கடை விளிம்புப் பக்கம் நகர்த்தினால் கூர்மை தணியும்.

குறைகள் இல்லாமல் இல்லை. மிடில் குமிழ் கிடையாது, மாஸ்டர் வால்யூம் கிடையாது. ரிவெர்ப் இருக்கும் சேனல், குறைந்த சத்தத்தில் சற்றுக் கீச்சென்றே இருக்கும். வால்யூம் குமிழில் உள்ள ஒரு சின்னக் கபாசிடர் ட்ரெபிளை மட்டும் தனியே தாண்டவிடுவதுதான் காரணம். அதை வெட்டிவிடச் சொல்லிப் பலர் மெக்கானிக்கிடம் கொடுக்கிறார்கள். நீங்களே திறக்காதீர்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கும். மிடில் குறைவாக இருப்பதற்கு டியூப் ஸ்க்ரீமர் பெடல் ஒன்றே மருந்து; அது தூக்கிக் கொடுப்பதே நடுப்பகுதியைத்தான்.

மெட்டல் வாசிப்பவருக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அந்த இறுக்கமான அடி ஒலி இதில் வராது. எவ்வளவு சத்தத்திலும் துளிக் கரகரப்பு கூடாது என்பவருக்கு ரோலண்டின் ஜேசி-120 இருக்கிறது. 1975இல் வந்த டிரான்சிஸ்டர் ஆம்ப், இன்றும் அசைக்க முடியாதது. வாக்ஸ் ஏசி30இன் மினுக்கு எனக்கும் பிடிக்கும், ஆனால் 30 கிலோவுக்கு மேல் சுமந்து மாடி ஏற வேண்டும்.

இரவு வாசிப்பு ஒன்றுதான் இந்த ஆம்ப்பின் தீராத சிக்கல். வால்யூம் ஒன்றரையில் வைத்தால் அழகு போய்விடும். ஃபெண்டரே 2019இல் 'டோன் மாஸ்டர்' என்று இதன் டிஜிட்டல் வடிவத்தைக் கொண்டுவந்தது. வால்வே இல்லை, எடை 10 கிலோவைச் சற்றே தாண்டும், பின்னால் ஒரு சுவிட்சைத் திருப்பினால் 22 வாட்டிலிருந்து 0.2 வாட் வரை இறங்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர், முதுகுவலி உள்ளவர் தயங்காமல் இதையே வாங்கலாம். என் காதுக்கு வால்வு ஆம்ப்பில்தான் அந்த அமுங்கல் சரியாக விழுகிறது. ஆனால் குழுவோடு சேர்ந்து வாசிக்கும்போது கேட்பவர் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் போவதில்லை.

அமெரிக்காவிலிருந்து உறவினர் மூலம் பழைய டீலக்ஸ் ரிவெர்ப் வரவழைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 120 வோல்ட், நமக்கு 230. நேரடியாகச் சொருகினால் ஃப்யூஸ் போகும், அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரே கருகும். 500 வாட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சேர்த்தே வாங்குங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். 1993இல் தொடங்கிய மறுபதிப்பு மாடல் 230 வோல்ட்டிலும் கிடைக்கிறது. புதிதாக வாங்குபவர் பின்பலகையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்த பிறகே பணத்தைக் கொடுக்கட்டும்.

(அடுத்த வாரம்: ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் ஆம்ப்புக்கு என்ன ஆகும்?)