மரப்பலகையில் எழுத்துக் குடைதல்: தோட்டப்புறத்தார்க்கேற்ற ஒரு சிறு கைத்தொழில்

ஊவா மாகாணத்துத் தோட்டப்புறங்களில் ஆண்டு முழுவதும் ஒரே அளவான வருமானம் கிடைப்பதில்லை. கொழுந்து குறையும் மாதங்களில் வேலை நாட்களுங் குறைகின்றன. அக்காலத்தில் வீட்டிலிருந்தே செய்யத்தக்க கைத்தொழில் யாது என ஸ்பிரிங்வெளி, பசறை, தெமோதரைப் பகுதி இளைஞர் பலர் எம்மிடம் வினவியதுண்டு. தச்சு வேலையில் ஓரளவு பழக்கமும், பிழையின்றி எழுதும் அறிவும் உடையோர்க்கு, மரப்பலகையில் எழுத்துக் குடைந்து பெயர்ப்பலகை செய்தல் ஏற்றதொரு தொழிலாகும். அதன் முறைகளையும், அதில் நட்டமேற்படும் வழிகளையும் இங்கே கூறுவோம்.

வாங்குவோர் யார்?

1924இல் புகையிரதப் பாதை பதுளை வரை வந்தது. அப்பாதையில் 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண்பதற்கு இன்று எல்லைக்குப் பெருந்தொகையான உல்லாசப் பயணிகள் வருகின்றனர். அவர்களுக்கென எழுந்துள்ள விடுதிகளும் தேநீர்க் கடைகளும் மரப் பெயர்ப்பலகையை விரும்புகின்றன. பாடசாலைகள், கோவில்கள், நாற்றுமேடைகள், பாலும் மரக்கறியும் விற்கும் வீடுகள் ஆகியனவும் உங்கள் வாடிக்கையாளராகலாம். அமெரிக்க வனத்துறையினர் தங்கள் காடுகளில் நெடுங்காலமாகக் குடைந்த மரப்பலகைகளையே நாட்டி வருகின்றனர். தீந்தை மங்கினும் குடைந்த எழுத்து அழியாதிருப்பதே இதன் சிறப்பு.

மரந் தெரிதல்

தேயிலைக்கு நிழலாக நிற்கும் கிரெவிலியா மரத்தைத் தோட்டத்தார் சவுக்கு என்பர். இதன் பலகை அழகிய வரியுடையது, குடைவதற்கு எளியது. எனினும் வெயில் மழையில் நெடுநாள் நில்லாது. ஆதலின் வீட்டினுள்ளும் விறாந்தையிலும் தொங்குவனவற்றிற்கே இதனைக் கொள்க. வெளியே நிற்கும் பலகைக்குப் பலா அல்லது தேக்கின் வைரப்பகுதி நன்று. வெள்ளைப் பகுதியில் வண்டு துளைக்கும், அதனை நீக்கிவிடுக.

தோட்டத்து மரம் தோட்டத்திற்குரியது. அனுமதியின்றி ஒரு கிளையேனும் வெட்டலாகாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதிப்பத்திரமின்றித் தறித்தல் குற்றமாகும். மரத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லுமுன் வனத் திணைக்களத்தாரிடம் விசாரித்துக் கொள்க. தொடக்கத்தில் மர ஆலையில் எஞ்சும் துண்டுப் பலகைகளை வாங்குதலே சிக்கனமும் பாதுகாப்புமாம். பற்றுச்சீட்டை மறவாது பெற்று வைத்திருங்கள்.

உலர்த்தல்

இத்தொழிலில் நேரும் தோல்விகளிற் பெரும்பாலானவை ஈரப்பலகையால் நேர்கின்றன. முன்னர் யாமே ஒரு பாடசாலைக்கு அவசரமாக ஒரு பலகை செய்து கொடுத்தோம். மூன்று மாதத்தில் அது வளைந்து, பெயரின் நடுவே வெடித்தது. கூலியைத் திருப்பிக் கொடுத்ததுடன் வேறு பலகையும் செய்து கொடுக்க நேர்ந்தது.

ஓரங்குலத் தடிப்புள்ள பலகை காற்றில் உலர ஏறத்தாழ ஓராண்டு செல்லும். தரையிலிருந்து ஓரடிக்கு மேல், கூரையின் கீழ் அடுக்குக. இரண்டடிக்கு ஒன்றாக ஓரங்குலக் குறுக்குச் சட்டங்களைப் பலகைகளுக்கிடையே வைத்தல் வேண்டும். சட்டங்கள் ஒன்றின்மேலொன்று நேராக அமைய வேண்டும். அன்றேல் பலகை நெளியும். பதுளைப் பகுதியில் ஆனி முதல் ஆவணி வரை காற்றும் வறட்சியும் மிகுதி. ஐப்பசி தொடங்கி மழை கூடும். ஆகவே வறண்ட மாதங்களை வீணாக்காதீர். ஒரு பலகையை வாரந்தோறும் நிறுத்துக் குறித்து வருக. எடை குறைவது நின்றால் பலகை உலர்ந்ததென அறியலாம்.

எழுத்தை அமைத்தல்

எழுத்தின் உயரம் ஓரங்குலமாயின் ஏறத்தாழ 25 அடித் தூரத்திலிருந்து வாசிக்கலாம். வாகனத்திற் செல்வோர்க்கு இதனினும் இரு மடங்கு உயரம் வேண்டும். மும்மொழிப் பலகையில் எம்மொழியின் வரி நீளமோ அதனைக் கொண்டே பலகையின் அகலத்தைத் தீர்மானிக்க வேண்டும். தமிழை இறுதியில் மிஞ்சிய இடத்திற் சிறிதாக நெருக்குதல் முறையன்று.

தமிழெழுத்தில் சுழிகள் பல. அருகருகே செல்லும் இரு கோடுகளுக்கிடையே காலங்குல மரமேனும் எஞ்சாவிடின் அது பெயர்ந்து விழும். ண, ணை போன்றவற்றைச் சிறிய அளவிற் குடைய முயலாதீர். மெய்யெழுத்தின் புள்ளியை இறுதியில் துறப்பணத்தால் இடுக. அப்புள்ளியை விட்டுவிட்டால் 'பல் வைத்தியர்' என்பது 'பல வைத்தியர்' ஆகிவிடும். நம் நாட்டுப் பொதுவிடங்களிற் பிழையான தமிழ்ப் பலகைகளைக் கண்டு வருந்தாதார் இலர். பிழையற எழுதிக் கொடுப்பவன் என்ற பெயரே உங்கள் முதல் மூலதனம். இவ்வூரின் பெயரையே ஸ்பிரிங்வெளி எனவும் ஸ்பிரிங்வேலி எனவும் எழுதுவர். ஆதலின் வாசகத்தைத் தாளில் எழுதி, வாடிக்கையாளரின் கையொப்பம் பெற்ற பின்னரே பலகையைத் தொடுங்கள். சிங்கள வாசகத்தை அம்மொழி நன்கறிந்த ஒருவரிடம் காட்டித் திருத்திக் கொள்க.

குடைதல்

முதலில் உளியும் கொட்டாப்புளியுங் கொண்டு துண்டுப் பலகைகளிற் பழகுங்கள். கை திருந்திய பின் ரூட்டர் எனும் மின்பொறியை இரவல் பெற்றுப் பார்க்கலாம். காபன் தாளால் எழுத்தைப் பலகையிற் பதித்து, பலகையை மேசையுடன் கிளாம்பினால் இறுக்குக. ஒரே முறையில் ஆழமாகக் குடையலாகாது. முறைக்கு அரைக்கால் அங்குலமாக இருமுறையிற் காலங்குல ஆழம் போதும். பொறியை உங்களிடமிருந்து முன்னோக்கித் தள்ளும்போது அது இடப்பக்கம் இழுக்கும். ஆகவே நேர்கோட்டிற்கு வழிகாட்டுஞ் சட்டத்தை இடப்புறத்தில் இறுக்குக. அலகு மழுங்கினால் மரங் கருகும், உடனே மாற்றுக.

கண்காப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் இன்றிப் பொறியைத் தொடாதீர். கிரெவிலியாத் தூள் சிலருக்குத் தோலிற் சொறியை உண்டாக்கும். லயன் அறைக்குள்ளே இவ்வேலையைச் செய்தால் குழந்தைகளின் மூச்சிலும் தூள் சேரும். வெளியே படங்கு கட்டிச் செய்க. அலகு மாற்றும்போது மின்தொடுப்பைக் கழற்றிவிடுக.

தீந்தை பூசலும் நிறுத்தலும்

குடையுமுன் முகப்பில் ஒரு பூச்சு வார்னிஷ் இடுக. பின்னர் குடைந்த எழுத்தில் எனாமல் தீந்தையிட்டு, உலர்ந்தபின் முகப்பை அரத்தாளால் தேய்த்தால் வழிந்த தீந்தை நீங்கி எழுத்துத் தெளிவாகும். இறுதியில் முன்னும் பின்னும் ஒரே அளவில் வார்னிஷ் இடுக. ஒருபுறம் மட்டும் பூசிய பலகை வளையும். பலகையின் வெட்டுமுனைகள் நீரை மிகுதியாக உறிஞ்சுவதால் அங்கு மும்முறை பூசுக. துருப்பிடியாத திருகாணியையே பயன்படுத்துக. சுவருக்கும் பலகைக்குமிடையே அரையங்குல இடைவெளி விடுக. ஹாலிஎலைக்கு அண்மையிலுள்ள போகொடை மரப்பாலத்தைப் பாருங்கள். அதன்மேல் ஓட்டுக்கூரை உண்டு. உங்கள் பலகையின்மேலும் சிறு தாழ்வாரம் அமைத்தால் அதன் ஆயுள் நீளும்.

விலை கணித்தல்

கணக்கு முறையை விளக்க ஓர் உதாரணம் தருவோம். இவை சந்தை விலைகளல்ல. பலகை ரூ. 900, தீந்தையும் திருகாணியும் ரூ. 300, மின்சாரமும் அலகுத் தேய்மானமும் ரூ. 150 எனின் பொருட்செலவு ரூ. 1,350 ஆகும். 6 மணிநேர உழைப்பிற்கு மணிக்கு ரூ. 250 வீதம் ரூ. 1,500 சேர்க்க, மொத்தம் ரூ. 2,850. பழுதாகும் பலகைகளுக்காகப் பத்திலொரு பங்கு, ரூ. 285 கூட்டினால் ரூ. 3,135 வரும். இதனை ரூ. 1,500க்கு விற்பவர் 6 மணிநேரம் உழைத்து ரூ. 150 மட்டுமே பெறுகிறார், மணிக்கு ரூ. 25! இந்நட்டம் உடனே கண்ணுக்குத் தெரியாது. அரைப்பங்கு முற்பணம் பெற்றே வேலை தொடங்குக.

கணினியால் இயங்கும் பொறிகளும் பிளாஸ்டிக் பதாகைகளும் மலிவானவை. அவற்றுடன் விலையிற் போட்டியிடாதீர். ஒரே ஒரு பலகையாயினும் செய்து கொடுத்தல், பிழையற்ற மும்மொழி, ஆண்டுதோறும் கழற்றிப் புதுப்பித்துக் கொடுத்தல் ஆகியனவே உங்கள் பலம். வீதியோரத்தில் நாட்டுமுன் பிரதேச சபையின் அனுமதி வேண்டுமென வாடிக்கையாளருக்கு அறிவியுங்கள். தொழில் வளர்ந்ததும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்க. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட கைத்தொழில் அபிவிருத்திச் சபையிடமும் ஆலோசனை பெறலாம்.

முடிவாக ஒன்று. வாரத்தவணைக் கடன் பெற்றுப் பொறி வாங்காதீர். தவணை வாரந்தோறும் வரும். வாடிக்கையாளர் வாரந்தோறும் வாரார். உளியாற் செய்த முதற் பத்துப் பலகைகளின் இலாபத்தைச் சேமித்துப் பொறி வாங்குக. பத்து விற்கவில்லையெனின், இழந்தது சில துண்டுப் பலகைகளும் உழைத்த நேரமுமே; கடனின்றி நிற்பீர்கள்.