சேவல் போய் பிராய்லர் வந்தது

அடுப்பங்கரை உலகம் – 19

கோழி வளர்க்கிற எந்த ஊரிலும் கிழட்டுச் சேவல் ஒரு பிரச்சினை. இளஞ்சேவல் வந்து அதிகாரத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு பழையதற்குத் தீனி போடுவது தண்டம். அறுத்தாலோ, கறி பல்லுக்கு அடங்காது. திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்துக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். சேவலைத் துண்டு போட்டு, உள்ளூர்ச் சிவப்பு ஒயினில் ஊறவைத்து, உப்பிட்ட பன்றிக்கறி, வெங்காயம், காளானோடு மூடிய சட்டியில் மணிக்கணக்காக வேகவிடுவார்கள். கடைசியில் அந்தச் சேவலின் ரத்தத்தையே ஊற்றிச் சாற்றைக் கெட்டியாக்குவதும் உண்டு. இன்று உலகமெங்கும் பிரெஞ்சு உணவகப் பட்டியல்களில் ‘கோக் ஓ வான்’ என்று இடம்பிடித்திருக்கும் பண்டம் இதுதான்.

பெயர் பெற்ற எந்தச் சமையலுக்கும் ஒரு ராஜா கதை ஒட்டிக்கொள்ளும். இதற்கு ஜூலியஸ் சீசர். முற்றுகையில் சிக்கிய கோல் நாட்டுத் தலைவன் ஏளனமாக ஒரு வயதான சேவலை அனுப்பினானாம். சீசர் அதை ஒயினில் சமைத்து அவனுக்கே விருந்து வைத்தாராம். கதை சுவையானது, ஆதாரம்தான் கிடையாது. இந்தப் பெயரில் செய்முறை அச்சேறியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஏழைகளின் சட்டியில் என்ன வெந்தது என்பதை யாரும் மெனக்கெட்டு எழுதி வைப்பதில்லை; அதனால் எழுத்தில் வருவதற்கு எத்தனை தலைமுறை முன்பே இது வெந்துகொண்டிருந்தது என்பதைக் கணக்கிட வழியில்லை.

ஊருக்கு ஊர் சட்டி மாறும். அல்சாஸில் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினும் பாலாடையும் சேர்ப்பார்கள். ஜூரா மலைப்பகுதியில் மஞ்சள் ஒயினும் மோரெல் காளானும். தோட்டத்தில் எது விளைகிறதோ அது சட்டிக்குள் போகும். மாறாதது ஒன்றுதான்: முற்றிய பறவை, நீண்ட நேரம்.

இந்தச் சமையலை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுசேர்த்ததில் பெரும்பங்கு ஜூலியா சைல்டுக்கு உண்டு. சிமோன் பெக், லூயிசெட் பெர்த்தோல் என்ற இரண்டு பிரெஞ்சுப் பெண்களோடு சேர்ந்து அவர் எழுதிய பிரெஞ்சு சமையல் புத்தகம் 1961இல் வந்தது. 1963இல் பாஸ்டன் தொலைக்காட்சியில் அவரே அடுப்புக்கு முன்னால் நின்றார். அதற்குப் பிறகு பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதே வீடுகளுக்குள் இன்னொரு சாமான் நுழைந்தது.

ஒரு தாய் சொன்ன கதை

சிகாகோவில் இர்விங் நாக்சன் என்றொரு யூதப் பொறியாளர் இருந்தார். அவருடைய தாய் லிதுவேனியாவின் வில்னா நகரில் வளர்ந்தவர். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் மறுநாள் இருட்டும் வரை யூத வீடுகளில் தீ மூட்டக்கூடாது. ஆனால் சனிக்கிழமை மதியம் சூடான சாப்பாடு வேண்டும். எனவே இறைச்சியும் பயறும் கிழங்கும் போட்ட ‘சோலண்ட்’ பானையைப் பொழுது சாய்வதற்கு முன்பே பக்கத்து ரொட்டிக்கடைக்குத் தூக்கிப் போவார்கள். சிறுமியாக அந்தப் பானையைச் சுமந்தவர்களில் நாக்சனின் தாயும் ஒருவர். அன்றைய ரொட்டி சுட்டு முடித்து அணைத்த அடுப்பு இரவு முழுக்க மெல்ல ஆறும். அந்த ஆறுகிற சூட்டிலேயே பானை வெந்துவிடும்.

அந்தக் கதைதான் விதை என்பது நாக்சன் குடும்பத்தார் சொல்வது. பானையைச் சுற்றி மின்கம்பிச் சுருளை வைத்து, சூடு எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும்படி அவர் வடிவமைத்த பாத்திரத்துக்கு 1940இல் காப்புரிமை கிடைத்தது. பயறு வேகவைக்கும் சட்டியாகத்தான் அதை விற்றார்; பெரிய ஓட்டம் இல்லை. 1970இல் கான்சாஸ் நகரத்து ரைவல் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கியது. அடுத்த ஆண்டு ‘கிராக்-பாட்’ என்று புதுப்பெயர் சூட்டிச் சந்தைக்கு விட்டது. வேலைக்குப் போகும் பெண்களின் எண்ணிக்கை அமெரிக்காவில் ஏறிக்கொண்டிருந்த காலம். காலையில் நிரப்பி, ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் கிளம்பினால் மாலையில் சாப்பாடு தயார் என்ற வாக்குறுதி எளிதில் எடுபட்டது.

இன்று ஸ்லோ குக்கர் என்ற பொதுப்பெயரில் கிடைப்பதெல்லாம் இதன் வழித்தோன்றல்கள். உள்ளே கனமான பீங்கான் குடுவை, வெளியே உலோகக் கூடு, நடுவே சூடேற்றும் சுருள், மேலே கண்ணாடி மூடி. இழுக்கும் மின்சாரம் 200 முதல் 300 வாட் வரை. வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் வரை இழுக்கும் என்பதை நினைத்தால் இதன் நிதானம் புரியும். ‘லோ’, ‘ஹை’ என்ற இரண்டு நிலைகளும் கடைசியில் போய் நிற்கும் சூடு ஏறக்குறைய ஒன்றுதான். கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. அந்த இடத்துக்குப் போய்ச்சேரும் வேகத்தில்தான் வித்தியாசம்.

முற்றிய சேவலை மணிக்கணக்கில் வேகவைக்கும் சமையலும், மணிக்கணக்கில் வேகவைப்பதற்கென்றே பிறந்த பாத்திரமும் சந்தித்தால் பொருத்தம் பத்துக்குப் பத்து என்றுதான் தோன்றும். ஆனால் இடையில் மாப்பிள்ளையை மாற்றிவிட்டார்கள்.

எட்டு மணி நேரம் யாருக்கு?

தசைகளை எலும்போடும் ஒன்றோடொன்றும் கட்டிவைப்பது கொலாஜன் என்ற புரதம். பறவைக்கு வயது ஏற ஏற, ஓட ஓட, இந்தக் கட்டு இறுகும். கிழட்டுச் சேவலின் தொடையைக் கடித்தால் ரப்பராக இழுப்பது இதனால்தான். சுமார் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஈரச்சூட்டில் நெடுநேரம் வைத்தால் கொலாஜன் இளகி ஜெலட்டினாக மாறும். கறி நாராகப் பிரியும், சாறு உதட்டில் ஒட்டும். ஆட்டுக்கால் பாயாவில் விரல் பிசுபிசுக்கிறதே, அதே சங்கதி.

கடையில் நாம் வாங்கும் பிராய்லருக்கு வயது ஆறு வாரம். இறுகுவதற்கு அதற்கு அவகாசமே கிடைத்திருக்காது. பிரான்ஸிலேயே பெயர் பெற்ற பிரெஸ் கோழி இதற்கு நேர்மாறு. 1957இல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற அந்த இனம் குறைந்தது நான்கு மாதமாவது வளர வேண்டும், புல்வெளியில் ஒவ்வொன்றுக்கும் 10 சதுர மீட்டர் இடம் தர வேண்டும் என்று விதியே உண்டு. சிவப்புக் கொண்டை, வெள்ளை இறகு, நீலக் கால் என்று நாட்டுக் கொடியின் மூன்று நிறத்தையும் உடம்பிலேயே சுமந்து திரியும். விலையும் அதற்கேற்ற உயரத்தில் இருக்கும்.

பிராய்லரை எட்டு மணி நேரம் ஸ்லோ குக்கரில் போட்டால் என்ன ஆகும்? இளக வேண்டிய கொலாஜன் சீக்கிரமே இளகிவிடும். பிறகு வெறும் தசை மட்டும் மிஞ்சி, தன் ஈரத்தைப் பிழிந்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். நெஞ்சுக்கறி சாற்றில் மிதந்தபடியே பஞ்சாக வறண்டு போவதைப் பார்க்கலாம். எனவே முதல் விதி: நெஞ்சுக்கறி வேண்டாம்; எலும்போடு தொடையும் காலும் வாங்குங்கள். கடைக்காரர் பழக்க தோஷத்தில் தோலை உரிக்கத் தொடங்குவதற்குள் ‘தோலோட இருக்கட்டும்’ என்று சொல்லிவிடுங்கள். இரண்டாம் விதி: ‘லோ’வில் ஐந்து முதல் ஆறு மணி நேரம் போதும். முற்றிய நாட்டுக்கோழி கிடைத்தால் எட்டு மணி நேரம் வையுங்கள். பர்கண்டிச் சேவலுக்கு நம்மூரில் அதுதான் நெருங்கிய சொந்தம்.

மூடிக்கு வெளியே நடக்க வேண்டியவை

சென்ற வாரம் பார்த்த எனாமல் பூசிய வார்ப்பிரும்புச் சட்டியை நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சுச் சமையல்காரர் அதே சட்டியில் முதலில் கறியை வறுப்பார், பிறகு மூடி வேகவிடுவார், கடைசியில் திறந்து சாற்றை வற்றவிடுவார். மூன்று வேலை. ஸ்லோ குக்கருக்குத் தெரிந்தது நடுவில் உள்ளது மட்டும்.

வறுபடுவதால் வரும் நிறத்துக்கும் மணத்துக்கும் காரணத்தை 1912இல் எழுதிவைத்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான்: லூயி கமீய் மையார் என்ற வேதியியலாளர். புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான புதிய மணங்களை உண்டாக்குகின்றன. அது விறுவிறுப்பாக நடக்கச் சுமார் 140 டிகிரி வேண்டும். மூடிக்குள் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100ஐத் தாண்டாது. பச்சைக் கறியை அப்படியே குடுவையில் போட்டால் வெந்த கறி வரும். வறுவல் வாசனை வராது.

ஆகவே அகலமான வாணலியை அடுப்பில் ஏற்றுங்கள். நான்கைந்து பேருக்கு ஒரு கிலோ கோழி. ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, மிளகுத்தூள் தடவி, கொஞ்சம் எண்ணெயில் தோல்பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். தொட்டுத் தொட்டுப் பார்க்காதீர்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் தோல் ஆறேழு நிமிடத்தில் பொன்னிறமாகித் தானாகவே விடுபடும். அப்போது திருப்புங்கள். கோழியை எடுத்துவிட்டு அதே கொழுப்பில் பத்துப் பதினைந்து சின்ன வெங்காயத்தை முழுசாக வதக்குங்கள். பிரெஞ்சுக்காரர்கள் தேடிப் பிடிக்கும் முத்து வெங்காயத்தின் இடத்தில் நம் சின்ன வெங்காயம் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். நான்கு பல் பூண்டு, ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுது. பன்றிக்கறி சாப்பிடுபவர்கள் 100 கிராம் பேக்கனைத் தொடக்கத்திலேயே வறுத்து, எண்ணெய்க்குப் பதில் அந்தக் கொழுப்பைப் பயன்படுத்தலாம்.

இப்போது வாணலியின் அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். பண்டத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. 400 மில்லி சிவப்பு ஒயினை ஊற்றி, மரக்கரண்டியால் சுரண்டிவிட்டு, பாதியாக வற்றும்வரை கொதிக்கவிடுங்கள். இதை இங்கேயே செய்யக் காரணம் உண்டு. ஒரு மணி நேரம் கொதித்த குழம்பில்கூடக் கால்வாசி ஆல்கஹால் மிஞ்சும் என்கிறது அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை. மூடிய குக்கரிலோ ஆவி மூடியில் பட்டுத் திரும்பவும் உள்ளேயே விழும். பச்சை ஒயின் நெடி போகவே போகாது.

குடுவையின் அடியில் காரட் துண்டுகள், மேலே கோழி, வெங்காயம். கிழங்கும் வேரும் கறியைவிட மெதுவாக வேகும். சூடு அடியிலும் பக்கவாட்டிலும் இருப்பதால் அவை கீழே. ஒயின் சாற்றோடு 200 மில்லி கோழி சூப் ஊற்றினால் போதும். சட்டியில் ஊற்றுகிற அளவை இங்கே ஊற்றினால் ரசம்தான் கிடைக்கும். ஆவியாகிப் போக வழியில்லை அல்லவா? தைம், பார்ஸ்லி, இரண்டு பே இலை மூன்றையும் நூலால் கட்டிப் போடுங்கள். பிரியாணிக்குப் போடும் பிரிஞ்சி இலை வேறு மரத்தின் இலை. அதில் பட்டை வாசனை தூக்கும். அதைப் போடுவதற்குப் பதில் இலையே இல்லாமல் விட்டுவிடலாம்.

மூடியாயிற்று. இனி அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் இழந்த சூட்டைப் பிடிக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். உறைந்த கோழியை நேராகப் போடவும் கூடாது. 5 முதல் 60 டிகிரி வரையிலான சூடு கிருமிகள் பெருகும் எல்லை. உறைந்த கறி அதைக் கடக்க நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் வீட்டில் இல்லாதபோது மணிக்கணக்கில் மின்சாரம் போயிருந்தால், வெந்ததுபோலத் தோன்றினாலும் கொட்டிவிடுவதே நல்லது.

கடைசி வேலை மறுபடியும் அடுப்பில். கோழியையும் காயையும் தனியே எடுத்துவிட்டு, சாற்றை வடிகட்டி வாணலியில் ஊற்றி, பாதியாக வற்றவிடுங்கள். வெண்ணெயும் மைதாவும் ஒவ்வொரு மேசைக்கரண்டி எடுத்து விரலால் பிசைந்து, சிறு உருண்டைகளாக உருட்டிக் கொதிக்கும் சாற்றில் போட்டுக் கலக்குங்கள். சேவல் ரத்தம் செய்த வேலையை இது செய்யும். சாறு பளபளத்து, கரண்டியின் முதுகில் படிந்து நிற்கும். உப்பு பார்க்க வேண்டியது இப்போதுதான். வற்றுவதற்கு முன்பே போட்டிருந்தால் கரித்திருக்கும். 250 கிராம் பட்டன் காளானை வெண்ணெயில் தனியாகச் சிவக்க வதக்கிச் சேருங்கள். முதலிலேயே குக்கரில் போட்டால் அவை தண்ணீர் விட்டுச் சவசவத்துப் போகும். தொட்டுக்கொள்ள அவித்த உருளைக்கிழங்கு அல்லது மொறுமொறு ரொட்டி.

ஒயின் வேண்டாதவர்களுக்கு பிரான்ஸின் தெற்கே புரோவான்ஸில் வழி இருக்கிறது: நாற்பது பல் பூண்டுக் கோழி. தோலோடு போட்ட பூண்டு நிதானச் சூட்டில் காரம் அடங்கி வெண்ணெயாகக் குழைந்துவிடும். பிதுக்கி ரொட்டியில் தடவிச் சாப்பிடலாம். அதற்கும் இதே முறைதான்: முன்னால் வறுவல், பின்னால் வற்றல்.

‘எல்லாவற்றையும் போட்டு மூடுங்கள்’ என்று சொல்லும் செய்முறைகள் ஏராளம். அப்படிச் செய்தால் கறி வேகும், பசி அடங்கும். ஆனால் பர்கண்டிக்காரர்கள் சேவலுக்குக் கொடுத்தது நேரத்தை மட்டுமல்ல, இரண்டு முனையிலும் நல்ல தீயையும்தான். நேரத்தை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம். முன்னால் அரைமணி, பின்னால் கால்மணி நாம் அடுப்புக்கு முன் நின்றே ஆக வேண்டும்.

அடுத்த வாரம் தென்மேற்கே, துலூஸ் பக்கம் போவோம். வாத்தும் வெள்ளை பீன்ஸும் சேர்ந்து வேகும் காசூலே. அதற்குள் அந்த பீன்ஸுக்குப் பதிலாக ஊறவைத்த ராஜ்மாவை யாரும் நேராக ஸ்லோ குக்கரில் போட்டுவிட வேண்டாம். கொதிக்காத சூட்டில் அதன் நஞ்சு அழியாது. காரணத்தை விவரமாகச் சொல்கிறேன்.

(இன்னும் வேகும்)