டக்கார் ராலி: பாலைவனத்துல விழுற வீரருக்கு கம்பெனி இருக்கு, உங்களுக்கு?

மணல் மேட்டுல பறக்குற பைக் வீடியோவைப் பார்த்துட்டு, அன்னைக்கு ராத்திரியே இஎம்ஐ கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தவங்க நம்மில் நிறைய பேர். அந்த மணலுக்குப் பின்னாடி ஒரு பணக் கதை இருக்கு. வீடியோவில் முழுசா சொல்ல நேரம் பத்தாது, அதனால இங்கே எழுதுறேன்.

1977ல் தியரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு ராலியில் பைக் ஓட்டும்போது சஹாராவில் வழி தவறிட்டார். உயிரோட மீட்டாங்க. வேற யாரா இருந்தாலும் அந்தப் பக்கமே தலை வச்சுப் படுத்திருக்க மாட்டாங்க. இவர் என்ன பண்ணார்னா, மத்தவங்களையும் கூட்டிக்கிட்டு அதே பாலைவனத்துக்குப் போனார். 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸிலிருந்து 182 வண்டிகள் கிளம்பின. செனகல் நாட்டின் டக்கார் வரை போய்ச் சேர்ந்தது 74 மட்டும்தான். யமஹா எக்ஸ்டி 500 ஓட்டிய சிரில் நெவ்வு முதல் பைக் சாம்பியன்.

அப்போ வந்தவங்களில் பெரும்பாலானோர் சொந்தக் காசைப் போட்டு வந்த சாதாரண ஆட்கள். பைக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? பாலைவனத்துல தாங்குற வண்டின்னு பேர் வாங்கினா, ஷோரூமில் தனியா விளம்பரமே வேண்டாம். யமஹா தன் பைக்குக்கு 'டெனெரே'ன்னு சஹாராவின் ஒரு பகுதிப் பேரையே வச்சது. ஹோண்டா 1986ல் இருந்து 1989 வரை தொடர்ந்து 4 முறை ஜெயிச்சது; அந்த வெற்றி ஓட்டத்துக்கு நடுவிலேயே, ராலிப் பெருமையை வச்சு 'ஆப்ரிக்கா ட்வின்'னு ஒரு பைக்கை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ராலிக்குக் கம்பெனி செலவு பண்ண பணம் கடைசியில் எங்கே இருந்து வருது? நாம கட்டுற விலையில் இருந்துதான்.

சபீன் 1986ல், ராலி நடந்துக்கிட்டிருக்கும்போதே மாலி நாட்டில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துட்டார். ராலி நிற்கல. பாதுகாப்பு அச்சுறுத்தலால் 2008ல் மட்டும் ரத்தாச்சு. 2009ல் தென் அமெரிக்காவுக்கு மாறுச்சு, 2020ல் இருந்து சவுதி அரேபியாவில் நடக்குது. பேர் மட்டும் இன்னும் டக்கார்தான்!

இனி நம்ம ஊருக்கு வருவோம். 1980ல் டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்த ஓசூர், அன்றைக்கு தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 2004ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோதுதான் கைமாறியது. நம்ம தாத்தாக்கள் அரிசி மூட்டை வச்சு ஓட்டிய வண்டியைச் செஞ்ச அதே கம்பெனி, 2015ல் பிரான்சின் ஷெர்கோவுடன் கைகோர்த்து டக்காருக்குப் போச்சு. பெங்களூரு சி.எஸ். சந்தோஷ் டக்காரை முழுசா முடிச்ச முதல் இந்தியர் ஆனதும் அதே வருஷம்தான்.

எனக்குப் பிடிச்ச கதை, கேரளா ஷொரனூர் பையன் ஹரித் நோவாவோடது. ஷெர்கோ டிவிஎஸ் அணி. 2021ல் 20வது இடம். 2023ல் விபத்து, காயம், பாதியிலேயே வெளியே. அடுத்த வருஷமே திரும்பி வந்து மொத்தத்தில் 11வது இடம், ராலி 2 பிரிவில் முதலிடம். டக்காரில் ஒரு பிரிவை ஜெயிச்ச முதல் இந்தியர் அவர்தான். 2025ல் தொடக்கச் சுற்றிலேயே விழுந்து மறுபடி வெளியேறினார்.

இத்தனை தடவை விழுந்து எழ தைரியம் மட்டும் போதாதுங்க. மாற்று பைக், மெக்கானிக், சிகிச்சை, மறுபடி பயிற்சி எடுக்க மாசக்கணக்கில் நேரம்னு எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு கம்பெனி நிற்கணும். மெக்கானிக்கே இல்லாம வர்றவங்களுக்கும் டக்காரில் ஒரு பிரிவு இருக்கு. 'மால் மோட்டோ'ன்னு சொல்வாங்க. சாமானுக்கு ஒரு பெட்டி, ஒரு கூடாரம், கொஞ்சம் உதிரி. பகல் முழுக்க ஓட்டிட்டு, ராத்திரி தன் பைக்கைத் தானே பிரிச்சு மாட்டணும்.

ஹிமாலயனோ எக்ஸ்பல்ஸோ எடுத்துட்டு வார இறுதியில் ஆஃப்ரோடு போற நாம, கிட்டத்தட்ட இந்த மால் மோட்டோ ஆளுங்க மாதிரிதான். ஏரிக்கரைக்கோ ஒகேனக்கல் பக்கமோ ஜாலியா போற வரைக்கும் பெரிய சிக்கல் இல்ல. ஆனா பேர் கொடுத்து ஒரு ராலியில் கலந்துக்கிறீங்கன்னா விஷயமே வேற. உங்க பைக் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு'ன்னு ஒரு பத்தி இருக்கும். ஒழுங்கு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, வண்டியின் தாங்குதிறன் போட்டி இதுக்கெல்லாம் காப்பீடு கிடையாதுன்னு அதுல போட்டிருக்கும். அங்கே சேசிஸ் வளைஞ்சா முழுச் செலவும் உங்க சம்பளத்தில் இருந்துதான் போகும். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்னாலும் இஎம்ஐ மாசாமாசம் 5ஆம் தேதி தவறாம எடுத்துடுவாங்க.

ஹெல்த் பாலிசியிலும் இதே மாதிரி ஒரு விலக்கு உண்டு. தொழில்முறையாகச் சாகச விளையாட்டில் கலந்துக்கிட்டு அடிபட்டா, அந்தச் சிகிச்சைச் செலவு வராது. மோட்டார் பந்தயம் அந்தப் பட்டியலில் பேரோடவே இருக்கு. நீங்க பொழுதுபோக்கா ஓட்டுறவரா, தொழில்முறை ஆளா? பரிசுப் பணமோ ஸ்பான்சரோ வந்தா க்ளைம் நேரத்தில் இந்தக் கேள்வி வரலாம். அதனால என்ட்ரி ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடியே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வச்சிடுங்க. போனில் ஏஜென்ட் "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்"னு சொல்றது கணக்கில் வராது.