ஸ்டீயரிங் சொல்லும் செய்தி

பெங்களூருவின் ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவை ஒட்டிய சாலையில் மிதிவண்டி ஓட்டும் சிறுவனுக்குத் தரையின் தன்மையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளத்தில் இறங்கினால் கைப்பிடி அதிரும். மணலில் சறுக்கினால் அது பிடிப்பிழந்து தளரும். அதே சிறுவன் மாலையில் வீட்டு மேசையில் ஸ்டீயரிங் ஒன்றைப் பொருத்திக் கணினித் திரையில் பந்தயக் கார் ஓட்டுகிறான் என்று கொள்க. அங்கே சாலையும் இல்லை. உடலைப் பக்கவாட்டில் தள்ளும் வேகமும் இல்லை. கண்ணும் காதும் கையும் மட்டுமே துணை. அவற்றுள் கைக்குச் செய்தி கொண்டுவருவது ‘விசைப் பின்னூட்டம்’ எனப்படும்.

ஸ்டீயரிங்கின் உள்ளே மின்மோட்டார் ஒன்று உள்ளது. காரின் முன்சக்கரங்களில் எழும் விசையை மென்பொருள் கணக்கிட்டு அனுப்ப, மோட்டார் அவ்விசையை ஓட்டுநரின் கைக்குத் தருகிறது. பற்சக்கரங்களால் இயங்கும் லாஜிடெக் ஜி29 போன்ற கருவி ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர் அளவுக்குத் திருப்புவிசை தரும். ஸ்டீயரிங்கின் விளிம்பில் ஒன்றரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு இது நிகராகும். மோட்டாரின் தண்டிலேயே ஸ்டீயரிங்கைப் பொருத்தும் கருவிகள் இதனினும் பன்மடங்கு வலியவை, விலையும் அவ்வாறே.

உண்மையான காரில் இவ்விசை எங்கிருந்து பிறக்கிறது? பேரங்காடியின் தள்ளுவண்டியைக் கவனித்தால் விளங்கும். அதன் சிறு சக்கரம் தன் அச்சுக்குச் சற்றுப் பின்னே தரையைத் தொடுவதால், வண்டி செல்லும் திசைக்குத் தானாகவே திரும்பிக்கொள்கிறது. காரின் முன்சக்கரமும் ஏறக்குறைய அவ்வாறே அமைக்கப்பட்டுள்ளது. வளைவில் திருப்பும்போது அது நேராக முயல்கிறது. அம்முயற்சியே கையை இழுக்கிறது. வளைவில் வேகம் கூடக் கூட இழுப்பும் வலுக்கும். ஆனால், டயர் பிடிப்பின் எல்லையை நெருங்கும்போது ஒரு விந்தை நிகழ்கிறது. பிடிப்பு முற்றிலும் நழுவுவதற்கு முன்பே அவ்விழுப்பு குறையத் தொடங்கி, ஸ்டீயரிங் இலேசாகிறது. தேர்ந்த ஓட்டுநர் காத்திருப்பது அந்த இலேசான கணத்திற்காகத்தான்.

புதியவர் பலர் செய்யும் பிழை அக்கணத்தையே மறைத்துவிடுகிறது. விசை மிகுந்தால் உணர்வும் மிகும் என்று எண்ணி, ‘கெயின்’ எனப்படும் விசை அளவை அவர்கள் உச்சத்தில் வைக்கின்றனர். மோட்டார் தரக்கூடிய உச்சத்தை 100 என்று கொள்க. வேகமான வளைவில் மென்பொருள் கேட்கும் விசை 130. டயர் வழுக்கத் தொடங்கியதும் அது 110 ஆகிறது. மோட்டாரோ இரண்டு வேளையும் 100 மட்டுமே தரும். கைக்கு வேறுபாடே தெரியாது. கார் தடத்தை விட்டு விலகிய பிறகே கண்ணுக்குத் தெரியும். இக்குறை ‘கிளிப்பிங்’ எனப்படும். கெயினை 60 விழுக்காடாகக் குறைத்தால், 130 என்பது 78 ஆகவும் 110 என்பது 66 ஆகவும் வந்து சேரும். இப்போது கை அறிந்துகொள்ளும். ஒலிபெருக்கியை அளவு மீறி அலறவிட்டால் பாட்டின் சொற்கள் சிதைவதும் இத்தகையதே.

இவ்வளவை அறிய ஊகம் தேவையில்லை. 2014இல் வெளிவந்த இத்தாலிய விளையாட்டான ‘அசெட்டோ கோர்சா’வில் விசையின் அளவைக் காட்டும் பட்டை ஒன்று உண்டு, உச்சத்தைத் தொட்டால் அது சிவப்பாகும். பழகிய தடம் ஒன்றில், ஒரே காரைச் சில சுற்றுகள் ஓட்டிப் பார்க்க வேண்டும். நீண்ட வளைவுகளில் பட்டை சிவந்தே இருந்தால் கெயினைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். ஓர விளிம்புக் கற்களில் ஏறும்போது நொடிப்பொழுது சிவந்தால் கவலையில்லை. காருக்குக் கார் விசை மாறுபடுவதால், வேறு காருக்கு மாறும்போது மீண்டும் சரிபார்ப்பது நன்று.

‘ஸ்பிரிங்’ என்னும் அமைப்பு ஸ்டீயரிங்கை எந்நேரமும் நடுவுக்கே இழுக்கும். அது டயரின் செய்தியன்று. பந்தய விளையாட்டுகளில் அதை அணைத்துவிடலாம். ‘டேம்பர்’ அசைவுக்குத் தடை தரும். நேர்ப்பாதையில் ஸ்டீயரிங் தானாக ஆடினால் சிறிது கூட்டலாம். மிகுந்தால் எல்லாம் களியைக் கிண்டுவது போலாகிவிடும். பற்சக்கரக் கருவிகளில் சிறுவிசைகள் உராய்விலேயே அடங்கிப்போகும். அவற்றுக்குக் ‘குறைந்தபட்ச விசை’ என்னும் அமைப்பைச் சற்றே உயர்த்த வேண்டும்.

வலிய கருவியில் கார் சுவரில் மோதும்போது ஸ்டீயரிங் சட்டெனச் சுழன்று கட்டைவிரலை முறுக்கக்கூடும். ஆதலால் மோதல் உறுதி என்று தெரிந்ததும் கைகளை எடுத்துவிட வேண்டும்.

பெங்களூருச் சிறுவர்க்கு உண்மையான பந்தயத் தடம் அருகில் இல்லை. சென்னை நெடுஞ்சாலையில் பல மணி நேரம் பயணம் செய்து இருங்காட்டுக்கோட்டையை அடைய வேண்டும், செலவும் மிகுதி. ஆயினும் வீட்டுப் பயிற்சி வீண் போவதில்லை. 2011இல் ‘கிரான் டூரிஸ்மோ’ விளையாட்டின் வழியே நடந்த போட்டியில் வென்ற பிரிட்டன் இளைஞர் ஜான் மார்டன்பரோ, பின்னர் உண்மையான பந்தயக் கார்களை ஓட்டினார். உண்மைக் காரில் இருக்கையும் செய்தி சொல்லும். முதுகும் கழுத்தும் வளைவை உணரும். மேசை முன் அமர்ந்திருப்பவனுக்கு அவையெல்லாம் இல்லாமையால், கைக்கு வரும் சிறு தளர்ச்சியையும் அவன் இழந்துவிடக் கூடாது. கெயினைக் குறைத்த முதல் நாளில் ஸ்டீயரிங் உயிரற்றது போலத் தோன்றலாம். சில சுற்றுகளுக்குப் பின், அதே வளைவில், வழுக்கும் முன்னரே அவன் கை தானாகத் திருப்பத்தைத் தளர்த்தியிருக்கும்.