நூலுக்கு நம்பர், வயருக்கு ஸ்கொயர்

நெசவு ஊரான பொதட்டூர்பேட்டையில் நூலின் தடிமனைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 40-ஆம் நம்பர் நூலைவிட 80-ஆம் நம்பர் நூல் சன்னம் என்பது தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தெரியும். நம்பர் ஏற ஏற நூல் மெலியும்.

மின்வயருக்கும் ஒரு காலத்தில் இதே கணக்குதான். பழைய வயர்மேன்கள் 3/20, 7/20 என்பார்கள். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, அடுத்தது கேஜ். 20 கேஜ் கம்பியைவிட 22 கேஜ் மெலிது. இன்றைய கணக்கு தலைகீழ். கடையில் 'ஸ்கொயர்' என்று சொல்வது உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். எண் கூடினால் வயர் தடிக்கும்.

விளக்குக்கும் மின்விசிறிக்கும் இந்த எண்ணில் கொஞ்சம் பிசகினாலும் சமாளித்துவிடலாம். தண்ணீர் கொதிக்கவைக்கும் பாய்லருக்கு முடியாது. நம்மூரில் டிரம்மில் கொதிப்பது டீக்கடைத் தண்ணீராக இருக்கும். இல்லையென்றால் பாவுக்குக் கஞ்சி காய்ச்சவோ சாயம் கரைக்கவோ வேண்டிய வெந்நீர். எவர்சில்வர் டிரம்மில் துளை போட்டு 3 கிலோவாட் எலிமென்ட்டைத் திருகினால் பாய்லர் ரெடி. அதற்கு எந்த வயர் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

3,000 வாட்டை நம் 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியர். 20 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் 13 ஆம்பியர் இடைவிடாமல் வயரில் ஓடுகிறது. மின்சாரம் ஓடும் எந்தக் கம்பியும் சூடாகும் என்பதை 1840-களில் ஜேம்ஸ் ஜூல் கணக்காகவே எழுதிவைத்தார்: மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. ஆக, வயரும் ஒரு ஹீட்டர்தான். டிரம்மில் மட்டும் சூடு பிறக்க வேண்டும், வழியில் பிறக்கக் கூடாது. வயர் தேர்வின் சூட்சுமம் இவ்வளவுதான்.

ஐந்து மீட்டர் வயரை எடுத்துக்கொள்வோம். முக்கால் ஸ்கொயர் என்றால் 13 ஆம்பியருக்கு அதில் சுமார் 44 வாட் வெப்பம் பிறக்கும். ரேடியோ ரிப்பேர்காரரின் 25 வாட் சால்டரிங் அயர்னைவிட அதிகம். இரண்டரை ஸ்கொயரில் இது 14 வாட்டுக்குள் அடங்கிவிடும். ஒன்றரை ஸ்கொயர் இந்தச் சுமையை விளிம்பில் நின்றுதான் தாங்கும். நீளமான வயரைச் சுருட்டி மூலையில் போட்டால் சூடு வெளியேற வழியின்றி உள்ளேயே சேரும். பாய்லருக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸே வேண்டாம்.

அடுத்தது மேலுறை. சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி வரைதான் தாங்கும். கொதிக்கும் டிரம்மோ 100 டிகிரி. வயர் அதன்மேல் சாய்ந்து கிடந்தால் உறை இளகும். வயரில் 'எஃப்.ஆர்.' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துச் சூடு தாங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தீ பரவுவதைத் தடுக்கும் குணத்தைச் சொல்வது. எலிமென்ட்டை ஒட்டிய கடைசி முழத்துக்கு சிலிக்கான் ரப்பர் வயர் போடுங்கள். அது 180 டிகிரி வரை தாங்கும்.

வயர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முனை தளர்ந்தால் பயனில்லை. இழைகளை முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில்தான் முதலில் கருகும். வயர் முனையில் லக் வைத்து அழுத்தி, டெர்மினலில் இறுக்கித் திருகுங்கள். சின்னப் பிளக்கின் எல்லை 6 ஆம்பியர். பாய்லருக்கு 16 ஆம்பியர் பவர் பிளக்தான். கம்ப்யூட்டர் பவர் கார்டு கையில் கிடைத்ததே என்று அதை மாட்டவே கூடாது. அதன் இணைப்பு முனைக்கு 10 ஆம்பியரும் 70 டிகிரியும்தான் வரம்பு.

எல்லாவற்றுக்கும் மேலே எர்த். உப்புத் தண்ணீரில் எலிமென்ட் மேல் சுண்ணாம்பு படியும். படிந்த இடம் அதிகம் சூடேறி, நாளடைவில் எலிமென்ட்டின் உறை வெடிக்கும். அப்போது கரண்ட் தண்ணீருக்கும் டிரம்முக்கும் வரும். பச்சை வயர் டிரம்மின் உலோகத்தோடு இணைந்திருந்தால்தான் அந்தக் கசிவு மண்ணுக்குப் போகும். இல்லாவிட்டால் தொடுபவரின் உடல்தான் அதற்கு வழி. 16 ஆம்பியர் எம்.சி.பி. வயரைக் காக்கும்; சிறு கசிவு அதற்குத் தெரியாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அணையும் ஆர்.சி.சி.பி. மனிதரைக் காக்கும். இரண்டும் வேண்டும். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

இணைப்பு வேலையை உரிமம் பெற்ற வயர்மேனிடம் விடுங்கள். வயரை மட்டும் நீங்களே கேட்டு வாங்குங்கள். நூல் கடையில் 'ஒரு நூல் கொடுங்க' என்று யாரும் கேட்பதில்லையே. எலெக்ட்ரிக்கல் கடையிலும் அப்படித்தான்: "மூணு கோர், ரெண்டரை ஸ்கொயர், காப்பர், ஐ.எஸ். 694 முத்திரை இருக்கணும்."